அரிக்கும் நஞ்சும் பிந்திய அறிவும்

கதைகளிலே வரும் நஞ்சுகள் பலவகைப்படும். உண்டாரை உறங்குவார் போலச் சாய்ப்பன சில. நாட்கழித்து மெலிவித்துக் கொல்வன சில. இவற்றின் வேறாக, பட்ட இடத்தையே தின்று, தசையை உருக்கி, நிலத்திற் சிந்தினும் நுரைத்தெழும் நஞ்சு ஒன்றுண்டு. பெயரால் நஞ்சாயினும் செயலால் அது திராவகமே. இரசாயனம் கற்கும் மாணவர் இத்தகைய பகுதியைப் படிக்குங்கால், ‘இப்படியும் ஒரு நஞ்சு உண்டோ?’ என நகைத்து நூலை மூடிவிடுதல் இயல்பு. இலக்கியம் கற்பிப்போர், ‘அது கவியின் கற்பனை, ஆராய்தல் வேண்டா’ என்று கூறி அப்பாற் செல்லுதலும் இயல்பு. இரு திறத்தாரும் நூலினுட் புகாமலே திரும்பியவராவர். மாணவர் கேட்கும் வினா நல்ல வினாவே. அதனை முறையாகக் கேட்டு, நூலிலிருந்தே விடை காண முயலுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும். அதற்குப் பொருளாகக் கொண்டது, கிரேக்க நாடகாசிரியர் சொபோக்கிளீஸ் இயற்றியவற்றுள் இன்று முழுமையாக எஞ்சியுள்ள ஏழு நாடகங்களில் ஒன்றாகிய ‘திராக்கிஸ் மகளிர்’.

நாடகக் கதை வருமாறு: மாவீரன் எராக்கிளீசின் மனைவி தெயானீரா, திராக்கிஸ் என்னும் ஊரிற் கணவன் வரவை நோக்கியிருக்கிறாள். அவனோ ஈக்காலியா நகரை வென்று, அந்நாட்டு அரசன் மகள் இயோலியைச் சிறைப்பெண்ணாக முன்னே அனுப்புகிறான். அப்பெண்ணை விரும்பியே அவன் அந்நகரை அழித்தான் என்பது தெயானீராவுக்குத் தெரியவருகிறது. தன் இளமை கழிவதும் புதியவளின் இளமை மலர்வதும் அவள் உள்ளத்தை வருத்துகின்றன. அப்பொழுது, நெடுங்காலமாக வெண்கலக் கலமொன்றில் மறைத்துவைத்த பொருள் அவள் நினைவுக்கு வருகிறது. முன்னொருகால் ஈவெனஸ் ஆற்றைக் கடக்கையில், அவளைச் சுமந்து சென்ற நெசஸ் என்னும் குதிரைமனிதன் அவளைத் தகாதமுறையில் தீண்டினான். எராக்கிளீஸ் எய்த அம்பினால் மாண்டான். அவ்வம்பு, ஐதரா என்னும் பலதலைப் பாம்பின் நஞ்சு தோய்ந்தது. சாகுந் தறுவாயில் நெசஸ், தன் புண்ணிற் கட்டிய குருதி, கணவன் வேறொருத்தியை விரும்பாதவாறு காக்கும் வசிய மருந்தாகும் என்றான். நெருப்பும் ஞாயிற்றின் கதிரும் படாது அதனை இருளில் வைக்குமாறும் பணித்தான். அம்மருந்தையே தெயானீரா ஓர் ஆடையிற் பூசிப் பேழையில் இட்டு, இலிக்காஸ் என்னும் தூதன் கையிற் கொடுத்து, வெற்றி வேள்வி செய்யும் கணவனுக்கு அனுப்புகிறாள்.

ஆடை சென்ற பின்னரே நஞ்சு தன் இயல்பைக் காட்டுகிறது. மருந்து பூசுதற்குக் கருவியாயிருந்த ஆட்டுமயிர்க் குஞ்சத்தை அவள் வெயில் படுமிடத்தில் எறிந்திருந்தாள். வெப்பம் ஏறியதும் அது உருக்குலைந்து, வாளால் மரம் அறுக்கையில் உதிரும் தூளைப்போலாயிற்று. கிடந்த இடத்திலிருந்து, முந்திரிகைச் சாறு நிலத்திற் சிந்தினாற்போல நுரை கொதித்தெழுந்தது. அதைக் கண்டதும், தன் பொருட்டு உயிரிழந்தவன் தனக்கு நன்மை செய்ய என்ன காரணம் என்று அவள் தன்னையே வினாவுகிறாள். சிறிது பொழுதில் மகன் ஹில்லஸ் வந்து நிகழ்ந்ததைக் கூறுகிறான். வேள்வித்தீ மூண்டெழ, எராக்கிளீசின் உடல் வியர்த்தது. தச்சன் பசையிட்டு இசைத்தாற்போல ஆடை உடலோடு ஒட்டியது. எலும்பு வரை வேதனை கடித்தது. நஞ்சு அவனைத் தின்னத் தொடங்கியது. ஒன்றுமறியாத இலிக்காசைக் காலிற் பற்றிக் கடற்பாறையில் மோதிக் கொன்றான். இதனைக் கேட்ட தெயானீரா ஒருசொல்லும் மறுமொழி கூறாது உள்ளே சென்று, கணவனின் படுக்கையில் வாளாற் குத்தி உயிர்விடுகிறாள்.

இனி மாணவரின் வினாவை நோக்குவாம். அத்தகைய பொருள் உலகில் உண்டா? கந்தக அமிலம், நைத்திரிக் அமிலம் முதலிய வன்மையான திராவகங்களைப் பண்டைக் கிரேக்கர் அறியார். அவை இடைக்கால இரசவாதிகளின் கைகளிலேயே பிறந்தவை. கிரேக்கர் அறிந்த அமிலங்களில் வலியது காடியே. ஆகவே சொபோக்கிளீஸ் திராவகமொன்றைக் கண்டு எழுதினார் எனல் பொருந்தாது. இன்றைய இரசாயன அறிவைக்கொண்டு சோதிப்பினும் ஒரு பொருள் அகப்படுவதில்லை. நுரைத்தெழுதல், சுண்ணாம்புக்கல் நிலத்தில் அமிலம் பட்டாற்போன்றது. கிரேக்க நாட்டிற் சுண்ணாம்புக்கல் மிகுதி. ஆனால் ஆட்டுமயிரைக் கரைப்பதில் அமிலத்தினும் எரிசோடா போன்ற காரமே வல்லது. கம்பளித் தொழிலில், ஆட்டுமயிரிற் சிக்கிய தாவரக் குப்பையை அகற்ற நீர்த்த கந்தக அமிலமே பயன்படுகிறது. குப்பை கருக, மயிர் தப்பிவிடும். பாம்பின் நஞ்சோவெனின், விரியன் இனத்துப் பாம்புகள் சிலவற்றின் நஞ்சில் புரதத்தைச் சிதைக்கும் நொதியங்கள் உண்டு. கடிபட்ட இடத்துத் தசை அழிவதுமுண்டு. ஆயினும் அவ்வழிவு மணிக்கணக்கிலும் நாட்கணக்கிலும் நிகழ்வது. புண்ணில்லாத தோலின்மேல் ஊற்றினால் நிகழ்வதன்று. பண்டையோரும் இவ்வாறு காரணந் தேடியதுண்டு. மெதேயா தன் பகைமகளை எரித்தது நப்தா என்னும் மண்ணெண்ணெயால் என்ற கருத்தை உரோமரான பிளினி தம் இயற்கை வரலாற்றிற் குறித்துள்ளார். புளூட்டாக்கும் அதனைக் குறிப்பிட்டார். எண்ணெய் எரியுமேயன்றி ஆட்டுமயிரைத் தூளாக்கி நிலத்தில் நுரையெழச் செய்யாது.

எனவே அமிலத்தின் நுரையும், காரத்தின் கரைப்பும், பாம்பின் கடுப்பும், வெயிலுக்கு விழிக்கும் இயல்பும் ஒன்றுசேர்ந்த பொருள் உலகில் இல்லை. நாடகத்தில் மட்டுமே உண்டு. அவ்வாறாயின், நாடகாசிரியர் இக்குணங்களை ஏன் ஒன்றுசேர்த்தார் என்பதே அடுத்த வினா. அதற்கு விடை நாடகத்தினுள்ளேயே உளது. மருந்தை அனுப்புமுன் தெயானீரா பாடற்குழு மகளிரிடம் கருத்துக் கேட்கிறாள். செய்து பார்த்தாலன்றி உறுதியான அறிவு வாராது என அவர்கள் மறுமொழி கூறுகின்றனர். அச்சோதனை நிகழத்தான் செய்கிறது. ஆனால் செயலுக்கு முன் நிகழவேண்டியது செயலுக்குப் பின் நிகழ்கிறது. ஆய்வுசாலையில் முதலில் ஒரு துளியை எடுத்துச் சோதித்த பின்னரே பெருமளவிற் கையாளுவோம். தெயானீரா கணவனின் உடலுக்கு முதலில் அனுப்பிவிட்டு, சோதனையின் முடிவை முற்றத்து வெயிலிற் காண்கிறாள். நஞ்சு உள்ளிருந்து மெல்லக் கொல்வதாயிருப்பின் அவள் கண்டிருக்கமாட்டாள். தூதன் சொல்லக் கேட்டே அறிந்திருப்பாள். குஞ்சம் கண்முன்னே அழிந்தமையாலேயே, யாரும் சொல்லாமுன் தன் செயலைத் தானே அறிகிறாள். அன்றியும் அந்நஞ்சு இருளில் உறங்கி ஒளியில் விழிப்பது. இருளிற் செய்த செயல், நாணத்தக்கதாயினும் நாணத்தைத் தாராது என்று அனுப்பும்போது அவளே கூறியவள். அச்சொல்லை வெயில் பொய்யாக்குகிறது. நஞ்சின் குணமும் நாடகத்தின் அறமும் இவ்விடத்தில் வேறல்ல.

இங்கே ஒரு தடை எழுப்புதல் நேர்மையாகும். ஆட்டுமயிரைத் தூளாக்கிய அதே மருந்து ஆடையை ஏன் தூளாக்கவில்லை? பேழையின் இருளிற் சென்றமையால் வழியில் அழியவில்லை எனலாம். வேள்வித்தீயின் வெப்பத்தில் அழிந்திருக்க வேண்டுமே. அழியாமல் உடலோடு ஒட்டியதென்றே ஹில்லஸ் கூறுகிறான். இம்முரணை நாடகாசிரியர் தீர்க்கவில்லை. உரைகாரர் தீர்க்க முயலவும் வேண்டா. குஞ்சத்தின் தொழில் அறிவித்தல். அறிவித்ததும் அது இல்லாதொழியலாம். ஆடையின் தொழில் பற்றிப்பிடித்தல். எப்பகையாலும் பிடிக்கப்படாத வீரனை மனைவி நெய்த ஆடையொன்று பிடிக்கிறது. ஆயினும் இதைக் குறையன்று என்று யாம் சாதிக்கமாட்டோம். குறையே, பொருள் வேண்டிப் பொறுத்துக்கொள்ளத்தக்க குறை.

இவ்வளவுகோலைக் கொண்டு பிற நூல்களையும் அளக்கலாம். கி.மு. 431இல் அரங்கேறிய யூரிப்பிடீசின் ‘மெதேயா’ நாடகத்திலும் நஞ்சூட்டிய ஆடை உண்டு. கணவனாற் கைவிடப்பட்ட மெதேயா, அவன் மணக்கும் கொரிந்து அரசிளங்குமரிக்கு ஆடையும் பொன்முடியும் தன் மக்கள் கையிலேயே கொடுத்தனுப்புகிறாள். முடி தீயைச் சொரிகிறது. ஊசியிலை மரத்துப் பிசின் வடிவதுபோல எலும்பிலிருந்து தசை வடிகிறது. தழுவிய தந்தையும் ஒட்டிக்கொண்டு மாள்கிறான். காட்சியளவில் இது சொபோக்கிளீசின் பகுதியிலும் கொடிது. ஆனால் மெதேயா தன் நஞ்சை முன்னரே அறிந்தவள். அவளுக்குச் சோதனை வேண்டியதில்லை. தூதுவன் விரைந்து சொல்லவேண்டா, அவர்கள் கொடிதாய் மாண்டிருப்பின் தனக்கு இருமடங்கு மகிழ்ச்சி என்கிறாள். ஆகவே அங்கு உருகுவது அரசமகளின் தசை. வெளிப்படுவது மெதேயாவின் உள்ளம். தகப்பனையும் மகளையும் பிரிக்கவொண்ணாதபடி ஒட்டவைத்த நஞ்சு, தாயையும் மக்களையும் பிரிக்கப்போகும் வாளுக்கு முன்னோடியாகிறது. அந்நஞ்சும் தன் நாடகத்துக்கு ஏற்றதே.

சேக்ஸ்பியரின் ‘ஹம்லெற்’ நாடகத்தில் அரசன் செவியில் ஊற்றிய நஞ்சும் இவ்வினத்ததே. பாலிற் புளித்துளி விழுந்தாற்போல அது குருதியைத் திரையச்செய்தது. தோல் முழுதும் பொருக்கு மூடியது. எனினும் அக்காட்சியைக் கண்ட சாட்சி ஆவி ஒன்றே. நாட்டார் பாம்பு கடித்ததென்றே நம்பினர். ஆதலின் ஹம்லெற் தானே ஒரு சோதனை அமைக்க நேர்கிறது. நாடகத்துள் நாடகம் அச்சோதனையாகும். 1979இல் வெளிவந்த ‘ஏலியன்’ திரைப்படத்தில், வேற்றுலக உயிரொன்றின் குருதி கப்பலின் தளங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் துளைக்கிறது. கொன்றால் கப்பலும் அழியும் என்ற இக்கட்டு அதனாற் பிறக்கிறது. ஆயினும் அது விலங்கின் கவசமே. எவருடைய செயலையும் எவருக்கும் உணர்த்துவதன்று. எரிக்கும் குணம் ஒன்றாயினும் அதன் பயன் வேறாதலை இங்குக் காண்க.

நம் புராணத்து ஆலகாலத்தையும் ஈண்டு எண்ணுதல் தகும். பாற்கடல் கடைந்தபோது எழுந்த அந்நஞ்சும் எரித்தழிக்கும் நஞ்சே. தேவர் அஞ்சி ஓடினர். அதன் கொடுமையை முற்றும் அறிந்தே இறைவன் அதனை ஏற்றுக் கண்டத்தில் நிறுத்தினான். கறை மட்டும் எஞ்சியது. அறிந்து ஏற்றவனிடத்து நஞ்சு அடங்கியது. அறியாது அளித்தவளிடத்திலிருந்து சென்ற நஞ்சு ஒரு குடியையே அழித்தது. இரு சமயத்தாரின் இரு கதைகளை ஒன்றென்பது எம் கருத்தன்று. இரண்டிலும் அறிவே உயிர்நிலை என்பதே கருத்து.

எஞ்சியிருப்பது தெயானீரா குற்றமுடையளா என்னும் வினா. தாயைச் சபித்த ஹில்லஸ், உண்மை தெரிந்தபின், நன்மை கருதியே அவள் தவறினாள் எனத் தந்தைக்குக் கூறுகிறான். எராக்கிளீசோ அவளைப்பற்றி ஒருசொல்லும் கூறவில்லை. நெசஸ் பெயரைக் கேட்டதும், உயிரோடிருப்பவனாலன்றி இறந்தவனாலேயே தனக்கு முடிவு என்ற பழைய தெய்வவாக்கை மட்டும் எண்ணுகிறான். ஈற்றா மலையில் தன்னை எரிக்குமாறு பணிக்கிறான். அவளுக்காக நாடகத்தில் வாதிட எஞ்சியிருக்கும் பெருஞ்சான்று, வெயிலிற் பொடிந்த ஆட்டுமயிர்க் குஞ்சமே. அவள் முன்னர் அறியாள் என்பதற்கும், அறிந்தபின் ஒரு கணமும் தன்னை ஏமாற்றவில்லை என்பதற்கும் அதுவே சான்று. அப்பகுதியைப் பொய்யென்று தள்ளுவோர் அவளுக்குரிய சாட்சியையும் தள்ளிவிடுகின்றனர். ஆங்கிலம் அறிந்த மாணவர், ஜெப் என்னும் அறிஞர் 1892இல் மொழிபெயர்ப்போடும் உரையோடும் வெளியிட்ட பதிப்பில் இந்நாடகத்தைப் படிப்பாராக. விஞ்ஞான வகுப்பு மாணவர் தம் ஐயத்தை விட்டுவிட்டுப் படிக்கவேண்டியதில்லை, ஐயத்தோடே படிக்கலாம். ‘இப்பொருள் உண்டா?’ என்று கேட்டபின், ‘இது யாருக்கு எதை எப்பொழுது அறிவித்தது?’ என்றும் கேட்பாராயின், இலக்கிய வகுப்பினர் தவறவிடும் பலவற்றை அவர் காணக்கூடும்.