பேட்டில் ப்ரீஸ்டை ரசிப்பது எப்படி?

பழவேற்காட்டுக் குப்பங்களில், பாடு இல்லாத நாளின் மாலைப் பொழுதைப் பார்த்தவர்களுக்கு என் மனக்குறை உடனே விளங்கிவிடும். ஏரியில் வலை போட அன்றைக்கு முறை வராத வாலிபர்கள், கரையேற்றிய படகுகளின் நிழலிலும் ஐஸ் பெட்டிகளின் மேலும் வரிசையாக உட்கார்ந்து, ஆளுக்கொரு போனைக் கிடையாகப் பிடித்துக்கொண்டு, விமானத்திலிருந்து குதித்து, துப்பாக்கி பொறுக்கி, ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருப்பார்கள். 2020 செப்டம்பரில் சர்க்கார் பப்ஜியைத் தடை செய்தது. சில நாள் துக்கம் அனுஷ்டித்துவிட்டு எல்லோரும் ஃப்ரீ ஃபயருக்குக் குடிபோனார்கள். 2022 பிப்ரவரியில் அதையும் தடை செய்தது; அதற்குள் பழைய பப்ஜி வேறு பெயர் சூடித் திரும்பி வந்திருந்ததால் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். இப்படிச் சர்க்காரே இரண்டு முறை வழிமறித்தும், அந்தக் கூட்டத்திலிருந்து, ஓரிரு பையன்களைத் தவிர ஒரு ஜீவன்கூட, வேறு ஏதாவது ஆடிப் பார்ப்போமே என்று என் பக்கம் திரும்பவில்லை.

ஆகவே, ராக்னராக் ஆன்லைன் என்னும் விளையாட்டில் பேட்டில் ப்ரீஸ்ட் என்னும் பாத்திரத்தை ரசிப்பது எப்படி என்று, யாரும் கேட்காமலே இங்கே விளக்கத் துணிகிறேன். லீ மியுங்-ஜின் என்னும் சித்திரக்காரரின் படக்கதையை ஆதாரமாகக் கொண்டு தென் கொரியாவின் கிராவிட்டி நிறுவனம் 2002-இல் வெளியிட்ட இந்த விளையாட்டை, சில காலம் லெவல் அப் நிறுவனத்தார் இந்தியாவிலும் நடத்தினார்கள். அவர்கள் கடையைக் கட்டிய பிறகு எங்களைப் போன்றவர்கள் கடல் கடந்த சர்வர்களில் அகதிகளாகக் குடியேறி, லேக் என்னும் தாமதத்தைச் சகித்துக்கொண்டு காலம் தள்ளுகிறோம்.

ஆரம்பப் பாடம் சொற்பமே. நாவிஸாகப் பிறந்து, ஜாப் லெவல் 10 ஆனதும் ப்ரொண்டெரா நகரத்துத் தேவாலயத்தில் அக்கோலைட்டாகி, ஜாப் லெவல் 40-க்கு மேல் ப்ரீஸ்ட் ஆகலாம். ஸ்ட்ரென்த், ஏஜி, விட், இன்ட், டெக்ஸ், லக் என்று ஆறு குணங்கள். லெவல் ஏற ஏறக் கிடைக்கும் புள்ளிகளை அவற்றில் போட வேண்டும். ஒரு குணம் உயர உயர அதற்கு விலையும் கூடும். ஹீல் காயத்தை ஆற்றும், பிளெசிங் பலம் தரும், இன்க்ரீஸ் ஏஜி கைவேகம் தரும். கத்தியையும் வாளையும் தொடக் கூடாது, கதைதான் நமக்கு ஆயுதம். 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில், கிளெரிக் என்னும் பூசாரி வர்க்கத்தார் கூர் ஆயுதம் ஏந்தலாகாது என்று விதித்துவைத்த ஆசாரம் அது. மற்றவற்றை ஆடியே தெரிந்துகொள்ளலாம். எந்த விசையில் எதை வைப்பது என்று எழுதிப் பக்கத்தை நிரப்ப எனக்குப் பொறுமையில்லை.

உலகம் ஒப்புக்கொண்ட ப்ரீஸ்ட் என்பவர், புள்ளிகளையெல்லாம் இன்ட்டிலும் டெக்ஸிலும் கொட்டிவிட்டு, பார்ட்டி என்னும் ஆட்டக்குழுவின் பின்வரிசையில் நின்று, முன்னே அடிபடுகிறவர்களுக்கு மருந்து வீசிக்கொண்டிருப்பவர். ஃபுல் சப்போர்ட் என்று அவருக்குப் பட்டம். அவருக்கு எல்லாப் பார்ட்டியிலும் ராஜோபசாரம். பேட்டில் ப்ரீஸ்டோ, ஸ்ட்ரென்த்துக்கும் ஏஜிக்கும் பெரும்பங்கைக் கொடுத்துவிட்டு, இன்ட்டுக்கு அளவாக ஒதுக்கி, கதையைத் தூக்கிக்கொண்டு முன்வரிசைக்கே போய்விடுகிறவர். அவரைப் பார்த்ததும் விமர்சக சிரோன்மணிகள், அடியிலும் பாதி, ஆற்றுவதிலும் பாதி, ஆகவே ஒன்றுமே முழுதில்லை என்று தீர்ப்பெழுதிவிடுகிறார்கள். பழைய ராக்னராக்கில் பேஸ் லெவலையும் இன்ட்டையும் கூட்டி, எட்டால் வகுத்து, மீதியைத் தள்ளிவிட்டு 84-ஆல் பெருக்கினால் பத்தாம் படி ஹீலின் பலன் கிடைக்கும். லெவல் 60-இல், இன்ட் 99 வைத்திருக்கும் மகானுக்கு 1,596. இன்ட் 36 மட்டுமே வைத்திருக்கும் நம்மவருக்கு 1,008. இருவருக்கும் செலவு, எஸ்பி என்னும் மந்திர சக்தியில், அதே 40. மகானின் பலனில் ஐந்தில் மூன்று பங்குக்குக் குறையாமல் தந்துகொண்டே, எதிரியின் மண்டையையும் உடைக்கிற ஒருவனைப் பாதி என்று சொல்லும் கணக்கை இவர்கள் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார்கள் என்று தெரியவில்லை.

ஆனால் கணக்கால் ரசனை வராது. இந்தப் பாத்திரத்தை ரசிக்க விரும்புகிறவர் முதலில் கிரகிக்க வேண்டிய பேதம் ஒன்று உண்டு. ஆற்றத் தெரிந்த மல்லன் ஒருவன். அடிக்கத் தெரிந்த வைத்தியன் இன்னொருவன். வெளிப்பார்வைக்கு இருவரும் ஒரே தொழில்தான் செய்கிறார்கள். இருவர் கையிலும் ஆயுதம், இருவரிடமும் ஹீல். வேற்றுமை இருப்பது கண்ணில். மல்லனின் கண் எதிரியின் மேல் இருக்கிறது. எதிரி விழுந்த பிறகு, அல்லது தன் உயிர் ஊசலாடும்போது, அவனுக்கு ஹீல் ஞாபகத்துக்கு வருகிறது. வைத்தியனின் கண்ணோ, கை எதிரியை அடித்துக்கொண்டிருக்கும்போதே, பக்கத்தில் நிற்கும் தோழனின் உயிரளவைக் காட்டிக்கொண்டு அவன் காலடியில் ஓடும் பச்சைக் கோட்டின் மேல் இருக்கிறது. எங்கள் ஏரியில் இரண்டு பேர் போகும் படகில், முன்னால் நிற்பவன் வீச்சுவலையை எறிய, பின்னால் நிற்பவன் ஆழமில்லாத தண்ணீரில் கழி ஊன்றித் தள்ளுவான்; தேர்ந்த தள்ளுகாரன் தண்ணீரைப் பார்ப்பதில்லை, எறிகிறவனின் பாதத்தைத்தான் பார்ப்பான். அந்தப் பார்வை யாருக்கு இருக்கிறதோ அவரே பேட்டில் ப்ரீஸ்ட். மற்றவர் ப்ரீஸ்ட் வேஷம் போட்ட சிப்பாய்.

இதைச் சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. எதிரிக்கு இன்னும் ஒரே ஓர் அடி பாக்கி. தோழனுக்கும் இன்னும் ஒரே ஓர் அடி தாங்கும் உயிர்தான் பாக்கி. கை எங்கே போகிறது? கூட்டாளியோடு சேர்ந்து ஆடவந்த எங்கள் ஊர்ப் பையன் ஒருவனைப் பயோன் குகையின் முதல் தளத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். கூட்டாளி வாள்வீரனாக எலும்புக்கூடு ஒன்றுடன் பொருதிக்கொண்டிருந்தான். அவன் காலடிக் கோடு பச்சை மாறிச் சிவப்பானது. நம் பையன் ஹீலுக்கான எஃப்2-ஐ அழுத்திக் குறியைக் கூட்டாளியின் மேல் வைக்க வேண்டிய அந்த அரைக்கணத்தில், கதையை ஓங்கி எலும்புக்கூட்டின் மேல் போட்டான். அவன் அடி விழுவதற்கு முந்திக்கொண்டு எலும்புக்கூட்டின் அடி விழுந்தது. கூட்டாளி சரிந்தான், அடுத்த கணம் எலும்புக்கூடும் சரிந்தது.

"டேய், நான் செத்துட்டேன்டா!"

"அதத்தான் நான் சாவடிச்சிட்டனே!"

என்னிடம் திரும்பி, "இன்னாண்ணா, ஜெயிச்சிட்டோம்ல?" என்று வேறு கேட்டான். நான், "தம்பி, நீ நல்ல மல்லன், ஆனா உன்னை நம்பி ஒருத்தன் நின்னுட்டிருந்தான்" என்றேன். அவனுக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனால் மறுநாளே வந்தான். பிறகு ஒருநாள், தன் அடியைப் பாதியில் நிறுத்திவிட்டு ஹீல் போட்டு, தோழன் பிழைத்துக்கொள்ள, தான் நாலு அடி வாங்கிக்கொண்டு நின்றான். "இன்னாண்ணா இது, நம்மாளு அடிச்சாலும் அது சாவ மாட்டேங்குது, அது அடிச்சாலும் நாம சாவ மாட்டேங்குறோம்!" என்று அலுத்துக்கொண்டான். பாத்திரத்தின் சுபாவம் அவனுக்குப் பிடிபட்டுவிட்டது என்று அப்போதே தெரிந்துகொண்டேன்.

இந்தப் பேதத்தை வைத்துக்கொண்டு பார்த்தால் போலிகள் தாமாகவே வெளிப்பட்டுவிடுவார்கள். அக்கோலைட்டிலிருந்து பிரிந்து போகும் மற்றொரு கிளையான மாங்க்குக்கும் ஹீல் தெரியும். ஆனால் இன்றைய பையன்கள் அதை எடுப்பது ஹீலுக்காகவா? அசுரா ஸ்ட்ரைக்குக்காக. உள்ள எஸ்பி முழுவதையும் ஒரே குத்தில் இறைத்துவிட்டு, திரையில் பெரிய எண் ஒன்று எழும்புவதைப் படம் பிடித்துப் பத்துப் பேருக்கு அனுப்பிவிட்டு, பிறகு பக்கத்தில் கிடப்பவனுக்கு ஒரு ஹீல் போடக்கூட வகையில்லாமல் உட்கார்ந்திருப்பது என்ன ரசனையோ, எனக்குப் புரியவில்லை. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2004-இல் வந்தபோது அதன் பலடினை மூன்று கிளையாகப் பிரித்தார்கள்: ஒன்று ஆற்ற, ஒன்று காக்க, ஒன்று அடிக்க. ஏதேனும் ஒன்றில் ஆழ இறங்கினால்தான் மதிப்பு என்றாகிவிட்டது. கலப்பின் ருசி போய்விட்டது. 2008-இல் வந்து 2013 டிசம்பரில் மூடப்பட்ட வார்ஹாமர் ஆன்லைனின் வாரியர் ப்ரீஸ்ட்டைப் பற்றி நண்பர்கள் சிலாகிப்பார்கள். அதில் எதிரியை அடிக்க அடிக்க ஆவேசம் திரளும், அந்த ஆவேசத்தைச் செலவிட்டே ஆற்ற வேண்டும். அழகான ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே விளையாட்டே உன்னை அடிக்கவும் ஆற்றவும் மாறி மாறி உந்தியது. ராக்னராக்கில் அப்படி உந்துகிற விதி எதுவும் கிடையாது. முன்வரிசைக்குப் போவதும் அங்கிருந்தே தோழனைக் காப்பதும் முழுக்க உன் இஷ்டம், உன் விவேகம். எனக்கு இதுவே உயர்வாகத் தோன்றுகிறது.

இதெல்லாம் அந்நிய தேசத்துக் கற்பனை என்று ஒதுக்குகிறவர்கள் கன்னியாகுமரிப் பக்கத்து வர்ம ஆசான்களைச் சற்று நினைத்துப் பார்க்கட்டும். உடலில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று 108 இடங்களைக் கற்றவர், அடிக்கும் இடத்தை மட்டும் தெரிந்துகொண்டு நிறுத்திவிடுவதில்லை. விழுந்தவனை எழுப்பும் அடங்கலையும் இளக்குமுறையையும் சேர்த்தே கற்கிறார். ராக்னராக்கிலும் இதற்கு ஒப்பான சூட்சுமம் ஒன்று உண்டு: உயிருள்ளவனை ஆற்றும் அதே ஹீல், செத்தும் நடமாடும் பிசாசின் மேல் விழுந்தால் அதைக் காயப்படுத்தும். அந்தப் பையனை அத்தகைய பிசாசுகள் திரியும் பயோன் குகையில் நான் நிறுத்தியதற்குக் காரணம் இதுவே. ஒரே பிரயோகம், இரண்டு பலன். யார்மேல் என்பதை நீங்கள் தீர்மானிக்க வேண்டும்.

இனி, பார்த்து ரசிக்கும் முறை. ஹீலுக்கு மந்திரம் ஓதும் நேரமே கிடையாது, அழுத்தியதும் பலிக்கும். ஆனால் அதற்குப் பின் ஒரு விநாடி வேறெந்த ஸ்கில்லும் வராது. அந்த ஒரு விநாடியைக் கவனியுங்கள். கற்றுக்குட்டி அதில் விசையைத் தட்டிக்கொண்டே பதறுவான். தேர்ந்தவன் அதற்குள் கதையால் அடித்து முடித்திருப்பான். கிரியே எலெய்சன் என்னும் கவசத்துக்கு ஓதும் நேரம் உண்டு. ஆகவே அதை அடி விழுவதற்கு முன்பே போட்டிருக்க வேண்டும், அடி விழுந்த பின் போடுகிறவனுக்கு முன்யோசனை போதாது. ஆஸ்பெர்சியோ ஆயுதத்துக்குப் புனித குணத்தை ஏற்றும். அதற்குத் தீர்த்தம் வேண்டும். தீர்த்தம் செய்ய, காலிப் பாட்டிலோடு போய்த் தண்ணீருக்குள் இறங்கி நிற்க வேண்டும். காலமெல்லாம் ஏரித் தண்ணீரில் நிற்கும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்த ஒரு ஸ்கில்லை மட்டும் நான் விளக்க நேர்ந்ததே இல்லை.

வடகிழக்குப் பருவத்தில் காற்று கிளம்பிவிட்டால் எங்கள் பக்கம் கரண்டும் போகும், சிக்னலும் போகும். சர்வருக்கு நம் அழுத்தல் போய்ச் சேர்வதற்குள் தோழன் செத்துவிடுவான். அப்போது பச்சைக் கோடு பாதிக்கு வரும் முன்பே ஹீலை அனுப்பிவிடுவேன். கால் பங்கு வீணாகும், போகட்டும். சிக்கனம் பேசும் சப்போர்ட் மகான்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவர்கள் நல்ல கேபிள் இணைப்பு உள்ள நகரவாசிகள். அவர்களோடு எனக்கு வாதமில்லை.

கடைசியாக ஒன்று, உங்களுக்குள் இருக்கட்டும். பார்ட்டித் தலைவர்கள் சேர்ப்பதற்கு முன்னால், "நீங்க ஃபுல் சப்போர்ட்டா?" என்று கேட்பார்கள். பேட்டில் என்று உண்மையைச் சொன்னால் கதவு சாத்தப்படும். நான், "ப்ரீஸ்ட்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சேர்ந்துகொள்வேன். முதல் சுற்றில் பின்வரிசையில் அடக்கமாக நின்று, பிளெசிங்கும் ஏஜியும் எல்லோருக்கும் தவறாமல் போட்டு, யாரையும் சாக விடாமல் பார்த்துக்கொள்வேன். இரண்டாம் சுற்றில் மெதுவாக ஓர் அடி முன்னே வந்து, கதையை எடுத்து ஒரு தட்டுத் தட்டுவேன். அதற்குள் என்னை வெளியேற்ற அவர்களுக்கு மனம் வராது. அப்படியே வந்தாலும், வேறு ப்ரீஸ்ட் அந்நேரத்துக்குக் கிடைக்கமாட்டார்.