கடிதத்தைப் பிரித்தது யார்?

இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயரில் நேஷனல் மெமோரியல் ஆர்போரேட்டம் என்றொரு இடம் இருக்கிறது. ராணுவத்தில் பணியாற்றியவர்களுக்கும் இறந்தவர்களுக்குமான நினைவுச் சின்னங்களை மரங்களுக்கு நடுவே வைத்திருக்கும் பெரிய தோப்பு. 2025 அக்டோபர் 27 அன்று அங்கே ஒரு புதிய சிற்பத்தை மன்னர் சார்லஸ் திறந்துவைத்தார். வெண்கலத்தில் செய்த கசங்கிய கடிதம் அது. அதன் மேல் முழுக்கச் சொற்கள். தன்பால் ஈர்ப்புக்காக பிரிட்டிஷ் ராணுவம் விசாரித்து விரட்டிய ஆண்கள், பெண்களின் வாழ்க்கையிலிருந்து எடுத்த சொற்கள். சிற்பத்தின் பெயர் ‘ஆன் ஓப்பன்ட் லெட்டர்’. தமிழில் ‘பிரிக்கப்பட்ட கடிதம்’ எனலாம்.

நான் அதைப் படங்களில்தான் பார்த்திருக்கிறேன். பார்த்ததும் பிடித்துவிட்டது. துப்பாக்கியோடு நிற்கும் சிப்பாய் இல்லை, வானவில் இல்லை, கோர்த்த கைகள் இல்லை. ஒரு காகிதம், அவ்வளவுதான். அந்தக் காகிதமும் உவமைக்காக வந்ததல்ல. ராணுவ போலீஸின் சிறப்புப் புலனாய்வுப் பிரிவு சந்தேகம் வந்தவர்களின் அறைக்குள் புகுந்து அலமாரியைக் கவிழ்த்து முதலில் தேடியது கடிதங்களைத்தான். ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்கு எழுதிய நாலு வரி போதும், வேலை போய்விடும். அந்த வகையில் இந்தச் சிற்பம் மிகச் சரியான பொருளைத் தேர்ந்திருக்கிறது.

உறுத்துவது பெயர்தான். ‘பிரிக்கப்பட்ட’ என்பது செயப்பாட்டு வினை. கடிதம் பிரிக்கப்பட்டது, சரி. பிரித்தது யார்?

பள்ளியில் தமிழாசிரியர்கள் சொல்லிக்கொடுத்த ‘படு’ விகுதியை நம் அலுவலகங்கள் எப்படிப் பயன்படுத்துகின்றன என்று கவனித்திருப்பீர்கள். ‘மனு நிராகரிக்கப்பட்டது’, ‘வீடுகள் அகற்றப்பட்டன’. செய்தவர் வாக்கியத்தை விட்டு இறங்கிப் போயிருப்பார். பிரிட்டிஷ் அரசின் இந்த மன்னிப்புப் படலம் முழுக்க அந்த இலக்கணத்தில்தான் நடந்திருக்கிறது என்பது என் வாசிப்பு.

2023 ஜூலை 19 அன்று இரண்டு பிரதிகள் வெளியாயின. ஒன்று, எதர்டன் பிரபு தலைமையிலான விசாரணையின் அறிக்கை. 1967 முதல் 2000 வரை நடந்தவற்றைத் தொகுத்து 49 பரிந்துரைகளை முன்வைத்தது. மற்றொன்று, அதே நாளில் பிரதமர் ரிஷி சுனக் நாடாளுமன்றத்தில் வாசித்த மன்னிப்பு. ‘மன்னிப்புக் கேட்கிறேன்’ என்று தன்மை ஒருமையில், அரசின் சார்பில், நேரடியாகவே கேட்டார். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் குற்றத்தை விவரிக்கும் வரிகளைப் பாருங்கள். வன்முறையையும் துன்புறுத்தலையும் பலர் ‘அனுபவித்தார்கள்’ என்கிறார். அனுபவித்தவர்கள் எழுவாய். கொடுத்தவர்கள் அந்த வாக்கியத்தில் இல்லை.

நான் மென்பொருள் வேலை பார்ப்பவன். எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ராத்திரி சர்வர் விழுந்தால் மறுநாள் ‘போஸ்ட்மார்ட்டம்’ என்று ஓர் ஆவணம் எழுதுவோம். அதில் எவர் பெயரையும் சொல்லிக் குற்றம் சாட்டக்கூடாது என்பது விதி. நல்ல விதிதான், ஏனென்றால் யாரும் சர்வரை வேண்டுமென்று விழவைப்பதில்லை. எதர்டன் அறிக்கையை வாசிக்கும்போது அந்த ஆவணங்களின் வாசனை அடித்தது. சுனக்கும் இதை அரசின் ‘தோல்வி’ என்றே குறிப்பிட்டார். எனக்கு அந்தச் சொல் ஒத்துவரவில்லை. சிஸ்டம் எங்கே தோற்றது? எதற்காக அமைத்தார்களோ அதை முப்பது வருஷத்துக்கு மேல் பிசகில்லாமல் செய்தது.

சாட்சி சொன்னவர்களுக்கு அறிக்கையில் பெயர் இல்லாததைப் புரிந்துகொள்ள முடிகிறது. அது அவர்களுக்கான பாதுகாப்பு. அலமாரியைக் கவிழ்த்தவர்களுக்கும் பெயர் இல்லாமல் போவதுதான் இடிக்கிறது.

சுனக் உரையில் இன்னொரு விஷயம் இருக்கிறது. இந்தத் தடை நாட்டின் சட்டத்தைவிடப் பல பத்தாண்டுகள் பின்தங்கி இருந்தது என்கிறார். ஆண்களுக்கு அது பொருந்தும். 1967இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 21 வயது கடந்த ஆண்களின் அந்தரங்க உறவு குற்றமில்லை என்றானது. ராணுவத்துக்கு மட்டும் விலக்கு வைத்தார்கள். ஆனால் பெண்களுக்கு 1967 என்றொரு ஆண்டே கிடையாது. பெண்களுக்கு இடையேயான உறவை பிரிட்டனின் சிவில் சட்டம் ஒருபோதும் குற்றமாக்கியதில்லை. 1921இல் முயன்றார்கள், பிரபுக்கள் சபை தள்ளிவிட்டது. பெருந்தன்மையால் அல்ல. இப்படியொன்று இருக்கிறது என்று பெண்களுக்கு நாமே ஏன் சொல்லித்தர வேண்டும் என்பது அங்கே எழுந்த வாதம்!

ஆக, எந்தத் தெருவிலும் குற்றமாக இல்லாத ஒன்றுக்காக ஒரு பெண் முகாமுக்குள் குற்றவாளியைப் போல விசாரணைக்கு உட்கார்ந்தாள். அவள் விஷயத்தில் ராணுவம் சட்டத்துக்குப் பின்தங்கி நிற்கவில்லை, நாட்டில் இல்லாத ஒரு சட்டத்தைத் தானாகவே நடத்திக்கொண்டிருந்தது. அரசின் மன்னிப்பு ஆண்களின் நாள்காட்டியை வைத்து எழுதியது. லெஸ்பியன் பெண்களை ‘மற்றும்’ போட்டுச் சேர்த்துக்கொண்டார்கள்.

இந்த வரலாற்றில் எனக்கு இலக்கியமாகத் தோன்றும் பிரதி அறிக்கையும் இல்லை, உரையும் இல்லை. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1999 செப்டம்பர் 27 அன்று அளித்த ‘ஸ்மித் மற்றும் கிரேடி’ தீர்ப்பு. ஜீனெட் ஸ்மித் விமானப்படையில் 1989இல் செவிலியாகச் சேர்ந்தவர். 1994 ஜூனில் வீட்டு ஆன்சரிங் மெஷினில் ஒரு பெண்ணின் குரல் பதிவாகியிருந்தது. இவரைப் பற்றி மேலதிகாரிகளிடம் சொல்லிவிட்டேன் என்றது அந்தக் குரல். பிறகு விசாரணை. தான் லெஸ்பியன் என்று ஸ்மித் உடனே ஒப்புக்கொள்கிறார். அதோடு முடிந்திருக்க வேண்டும், இல்லையா? கேள்விகள் அதற்குப் பிறகுதான் சூடுபிடிக்கின்றன. ஓய்வு நேரத்தில் என்ன செய்வாய், ஹாக்கி, நெட்பால் மாதிரிப் பெண்கள் ஆட்டமெல்லாம் ஆடுவாயா என்கிறார்கள். அவரும் துணைவியும் வளர்த்த பதினாறு வயதுப் பெண்ணோடு உறவு உண்டா என்று கேட்கிறார்கள். நீதிபதிகள் எந்தப் பெயரடையும் சேர்க்காமல் இதை வரிசையாக எழுதிப்போகிறார்கள். கேட்டவர் யார், பதில் சொன்னவர் யார் என்பது ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. நெட்பால் கேள்வியைப் படித்துச் சிரித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனேன், சிரிப்பு நின்றது.

சக வீரர்களின் வெறுப்பு படையின் ஒழுங்கைக் கெடுக்கும் என்பது அரசுத் தரப்பு வாதம். நிறத்தின் மேலோ இனத்தின் மேலோ உள்ள வெறுப்பு எப்படிக் காரணமாகாதோ அப்படியே இதுவும் ஆகாது என்றது நீதிமன்றம். 2000 ஜனவரி 12 அன்று தடை நீங்கியது. மன்னிப்பு வர இன்னும் 23 வருஷம்.

பணமும் வந்தது. 2024 டிசம்பரில் அறிவித்த திட்டத்தில் மொத்தம் 7.5 கோடி பவுண்ட். பாலின ஈர்ப்புக்காக வெளியேற்றியவர்களுக்கு ஆளுக்கு 50,000, விசாரணை, சிறை, துன்புறுத்தல் போன்றவற்றுக்கு மேற்கொண்டு 20,000 வரை. வெளியேற்றத்துக்கு ஒரு தாள் இருக்கும், காட்டலாம். எந்நேரமும் பயந்து, காதலியின் கடிதங்களைத் தானே எரித்துவிட்டு, தானாகவே வேலையை எழுதிக்கொடுத்துப் போன பெண் எதைக் காட்டுவாள்? அந்த வெண்கலக் கடிதத்திலும் எரித்த கடிதங்களுக்கு இடம் இருக்க முடியாது. சிற்பியின் குறை என்று இதைச் சொல்லவில்லை. ஆவணத்தை வைத்து நினைவுகூரும் எந்தக் கலைக்கும் இந்தச் சிக்கல் உண்டு.

நம் பக்கம் திரும்பினால், பழைய பிரிட்டிஷ் ராணுவச் சட்டத்தின் ‘இயற்கைக்கு மாறான இழிநடத்தை’ என்ற சொல் 1950ஆம் ஆண்டின் இந்திய ராணுவச் சட்டம் 46ஆம் பிரிவில் உட்கார்ந்திருக்கிறது. 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் 377ஐத் திருத்தி வாசித்தது. நாலே மாதத்தில், ராணுவத்துக்குள் இதை அனுமதிக்க மாட்டோம் என்றார் அப்போதைய தளபதி பிபின் ராவத். இவர் விஷயத்தில் எழுவாய் தெளிவாகவே இருந்தது.

எதர்டன் 2025 மே மாதம் இறந்துபோனார், சிற்பத்தைப் பார்க்கவில்லை. அவருடைய அறிக்கையைத் தேடிப் படிக்கப்போகிறவர்கள் பக்கத்திலேயே எலைன் சேம்பர்ஸ் எழுதிய ‘திஸ் க்வியர் ஏஞ்சல்’ நூலையும் வைத்துக்கொள்ளுங்கள். ராணுவச் செவிலியாக இருந்து வெளியேற நேர்ந்தவர். வெளியேறியவர்களுக்காக 1991இல் ‘ரேங்க் அவுட்சைடர்ஸ்’ என்ற அமைப்பை இன்னொருவரோடு சேர்ந்து தொடங்கியவர். நூல் 2019இல் வந்தது, மன்னிப்புக்கு நாலு வருஷம் முன்னால். அட்டையில் அவருடைய சொந்தப் பெயரே இருக்கிறது.