முற்றத்தில் இறங்கும் வெயில்: செட்டிநாட்டைப் படமெடுக்கும் கலை

செட்டிநாட்டு வீட்டைப் படமெடுக்க வருபவர்கள் முதலில் முகப்பைத்தான் எடுக்கிறார்கள். கானாடுகாத்தான் அரண்மனை, காரைக்குடியின் ஆயிரம் ஜன்னல் வீடு, ஆத்தங்குடிப் பெரிய வீடு என்று முகப்புப் படங்கள் எண்ணிக்கையில்லாமல் குவிந்திருக்கின்றன. ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தாலும் வித்தியாசம் தெரியாது. முகப்பு ஊர் பார்க்கவென்றே கட்டியது. அதில் படக்காரர் கண்டுபிடிக்க வேண்டியது அதிகம் இல்லை. அவருடைய வேலை நிலைப்படியைத் தாண்டிய பிறகு தொடங்குகிறது. உள்ளே அவர் எடுக்க வேண்டிய பொருள் தேக்கோ பளிங்கோ அல்ல, வெயில்.

வீட்டின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் இது விளங்கும். தெருவிலிருந்து ஏறினால் திண்ணையும் பட்டாலையும். அடுத்து வளவு: நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தூண்கள் தாங்கும் தாழ்வாரம், அதை ஒட்டி அறைகள். பிறகு இரண்டாம் கட்டு, அடுப்படி, கொல்லை. முன்வாசல் ஒரு தெருவில் இருக்க, பல வீடுகளில் பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். எல்லாக் கதவுகளும் திறந்திருக்கும் நாளில் வாசலில் நின்றால் நிலைக்குள் நிலையாகக் கடைசிக் கட்டு வரை கண் ஓடும். இருளும் வெளிச்சமும் மாறி மாறி வரும். இந்தக் கோணத்தை எடுக்காத படக்காரர் இல்லை, நன்றாக எடுத்தவர்கள் குறைவு. முற்றத்து வெயிலுக்கு அளந்தால் பட்டாலை கருத்துவிடும். பட்டாலைக்கு அளந்தால் முற்றம் வெளுத்துவிடும். இரண்டையும் காப்பாற்றப் பல எக்ஸ்போஷர்களில் எடுத்துக் கணினியில் சேர்ப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. அப்படிச் சேர்த்த படத்தில் மூலைமுடுக்கெல்லாம் விளக்குப் போட்டதுபோல் தெரியும். ஆனால் வெயிலைத் தணிக்கக் கட்டிய வீட்டில் நிழல்தான் சுகம். முற்றத்து வெயிலுக்கே அளந்து, தூணின் ஒரு விளிம்பு மட்டும் ஒளிர, மற்றதை இருட்டில் விட்டுவிடும் படமே அந்த வீட்டுக்குள் நிற்கும் உணர்வைத் தருகிறது.

அந்த வெயிலும் ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி இறங்குவதில்லை. காரைக்குடி ஏறக்குறைய 10 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. சித்திரைப் பிறப்பை ஒட்டிய நாட்களிலும், மறுபடி ஆவணி இரண்டாம் வாரத்தை ஒட்டியும் சூரியன் உச்சியில் நேர் மேலே வரும். சித்திரையில் அது பகல் 12.15 மணி அளவில் நிகழ்கிறது. அப்போது முற்றத்தில் விழும் வெயில் ஓரம் வெட்டிய துணிபோலத் தரையோடு நின்றுவிடும், தாழ்வாரத்தில் ஏறாது. மார்கழியிலோ உச்சி வேளையிலும் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். வெயில் வடக்குத் தாழ்வாரத்துக்குள் நுழைந்து தூண்களின் நிழலைச் சுவர் நோக்கி நீட்டும். மழைநாளில் கூரையின் நாட்டு ஓடுகளிலிருந்து நான்கு பக்கமும் முற்றத்தில் தண்ணீர் கொட்டும். அன்றைக்கு வளவுக்குள் நிழலே இல்லாத, சாம்பல் கலந்த மென்வெளிச்சம். ஒரே வளவைச் சித்திரையிலும் ஐப்பசியிலும் மார்கழியிலும் எடுத்து வைத்தவருக்கு மூன்று வீடுகளின் படம் கிடைக்கும். உள்ளூர்ப் படக்காரருக்கு வெளியூரார் ஈடாக முடியாத இடம் இதுதான். அவருக்குத் திரும்பி வர முடிகிறது.

கேமராவை எந்த உயரத்தில் வைப்பது என்பதும் ரசனையைச் சேர்ந்த விஷயம். வளவின் வாழ்க்கை நின்றபடி நடப்பதல்ல. பாய் விரித்து உட்கார்ந்து பேசுவதும், பூத்தொடுப்பதும், பந்தி பரிமாறுவதும் தரையோடு நடப்பவை. உட்கார்ந்தவரின் கண் உயரத்தில் லென்ஸ் இருந்தால் தூண்கள் தங்கள் முழு உயரத்தைப் பெறும், தரையின் வண்ணமும் பின்னோக்கி விரியும். அகலக்கோண லென்ஸைச் சற்று அண்ணாத்தினாலும் தூண்கள் உள்ளே சாய்ந்துவிடும். மட்டம் பிசகாமல் வைப்பது கட்டாயம். சுவர்ப் பளபளப்பையும் சொல்ல வேண்டும். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த பூச்சு, கண்ணாடி மாதிரி எதிரே உள்ள தூணைக் காட்டும். அதைத் தொந்தரவாக நினைத்துப் பொலரைசர் பில்ட்டர் போட்டு மினுக்கத்தை நீக்குபவர்கள் உண்டு. நீக்கிவிட்டால் அது எந்த ஊரிலும் இருக்கும் வெள்ளைச் சுவர்.

உள்ளே போக அனுமதி வேண்டும். ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் பலர். சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பார்கள். சாவி காவல்காரரிடம். திருமணத்துக்கும் படைப்புக்கும்தான் பல வீடுகள் முழுமையாகத் திறக்கின்றன. படைப்பு முன்னோருக்கானது, அழைக்காமல் அங்கே கேமராவை எடுக்கக் கூடாது. திருமணத்தின்போது பாத்திரம் பண்டங்களைப் பரப்பிவைக்கும் காட்சி படத்துக்கென்றே அமைந்தது போலிருக்கும்: பித்தளை, எனாமல், எவர்சில்வர், பனையோலைக் கொட்டான் எல்லாம் அளவு வரிசையில். அங்கே பளபளப்புக்கு மயங்காமல், அவற்றை அடுக்கும் ஆச்சிமாரின் கைகளைப் பார்ப்பவரே நல்ல படக்காரர்.

வீட்டுக்கு வெளியே தினசரி நடைக்கு விடியலில் ஊருணி ஏற்றது. செம்புறாங்கல் படிகளின் சிவப்பு, சூரியன் எழுந்த சிறிது நேரம் வரை ஆழமாக இருக்கும், பிறகு வெளிறிவிடும். பகலில் ஆத்தங்குடி. பதிகல் பட்டறையில் பார்க்க வேண்டிய கணம் மிகச் சிறியது. கண்ணாடித் தகட்டின்மேல் உலோக அச்சை வைத்து, அறை அறையாகச் சாயக்குழம்பை ஊற்றுகிறார்கள். பிறகு அச்சைத் தூக்குகிறார்கள். தகரச் சுவர்கள் விலகியதும் சிவப்பும் மஞ்சளும் பச்சையும் ஒன்றையொன்று தொடுகின்றன, ஆனால் கலப்பதில்லை. மயிரிழை அளவுக்கு ஓரம் மட்டும் நெகிழ்கிறது. உடனே அதன்மேல் உலர்ந்த சிமெண்ட் மணல் கலவை விழுந்து எல்லாம் மறைந்துவிடும். அந்த நெகிழ்வு பதிந்த படத்தைப் பார்த்தால், கையால் செய்த கல்லின் கோடு ஏன் அத்தனை உயிரோடு இருக்கிறதென்று புரியும். காய்ந்து நீரில் ஊறிய பிறகு கல்லிலிருந்து கண்ணாடி பிரியும்போது வெளிப்படும் வழவழப்புக்குச் சூளையும் இல்லை, மெருகெண்ணெயும் இல்லை.

திருவிழாக்கள் தனித் திட்டமாக எடுக்கத் தக்கவை. பொங்கலை ஒட்டிச் சிராவயல் மஞ்சுவிரட்டு, மாசி மகத்தில் அரளிப்பாறை மஞ்சுவிரட்டு, சிங்கம்புணரிப் புரவியெடுப்பு, தைப்பூசத்துக்குப் பழனி நோக்கி நடக்கும் நகரத்தார் காவடி. அரளிப்பாறையில் பாறைச் சரிவு முழுக்க மனிதர்கள் அமர்ந்திருப்பார்கள். காளையைவிட அந்தக் கூட்டமே பெரிய காட்சி. தேவகோட்டைப் பக்கமிருந்து கிழக்கே பஸ் ஏறினால் தொண்டிக் கடற்கரை. பாக் நீரிணையின் ஆழமற்ற, அலை குறைந்த நீரில் வெளிச்சம் எல்லாப் பக்கமும் தெறிக்கும். வளவுக்குள் நிழலை அளந்து பழகிய கண்ணுக்கு அந்த வெட்டவெளி நல்ல பயிற்சி.

இந்த மண்ணிலிருந்து கேமராவோடு உலகம் சுற்றியவர் கோட்டையூரில் 1911இல் பிறந்த ஏ.கே. செட்டியார். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை பயின்றவர். 1943 முதல் ‘குமரி மலர்’ இதழை நடத்தியவர். 1937இல் காந்தியைப் பற்றி ஆவணப்படம் எடுக்க முனைந்து, நாடு நாடாக அலைந்து சுமார் 50,000 அடி படச்சுருளைத் திரட்டி, 1940இல் வெளியிட்டார். அதில் பெரும்பகுதி பிறர் எடுத்தது. தேடிக் கண்டுபிடித்து, ஒழுங்குபடுத்தி, அழியாமல் காத்ததும் படக்கலையில் சேரும் என்பதற்கு அவரைவிடப் பெரிய சான்று தமிழில் இல்லை.

அப்படிச் சேர்க்க வேண்டியவை செட்டிநாட்டுச் சுவர்களிலேயே தொங்குகின்றன. வளவைச் சுற்றி உயரத்தில், முன்சாய்ந்து மாட்டிய குடும்பப் படங்கள்: பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போனவர்கள், கழுத்து நிறைய நகையோடு ஆச்சிமார், வண்ணம் தீட்டிய கறுப்பு வெள்ளைப் படங்கள். வீடு பிரிக்கப்படும்போது இவை காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு வந்து, சட்டத்தின் விலைக்குப் போய்விடுகின்றன. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவோடு தமிழக ஸ்டூடியோப் படங்களை மின்னுருவாக்கியிருக்கிறது; வீடுகளில் உள்ளவற்றை ஒவ்வோர் ஊரிலும் யாராவது செய்தாக வேண்டும். கண்ணாடியில் எதிரொளி விழாமல் கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணி பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்தாலே போதும்.

செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. வீடுகள் விற்கப்பட்டுத் தேக்குத் தூணாகவும் கதவாகவும் பிரிந்து போவது நிற்கவில்லை. ஆகவே எடுக்கும் ஒவ்வொரு படத்தோடும் ஊர்ப்பெயர், தெரு, வீட்டின் விலாசம், எந்தக் கட்டு, எந்தத் திசை, தேதி, நேரம் எழுதப்பட வேண்டும். பிரித்த வீட்டை மறுபடி நிறுத்த முயலும் கொத்தனாருக்கும் தச்சருக்கும் தூண்களின் வரிசையையும் நிலைகளின் அளவையும் காட்ட, பல வீடுகளுக்கு இந்தப் படங்களைத் தவிர வேறு வரைபடம் கிடையாது.