ஐந்து குண்டு, ஒரே ஓட்டை

நூறு கஜத்தில் ஐந்து முறை சுட்டுவிட்டுத் தொலைநோக்கியில் பார்த்தேன். தாளில் ஒரே ஒரு ஓட்டை. மற்ற நான்கும் எங்கே போயின என்று பதறிப் போனேன். பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்து, எல்லாம் அதற்குள்ளேதான் என்று சிரித்தார். டெக்சாஸில் அந்தக் காலை என் கையில் இருந்தது 6 பிபிசி தோட்டா சுடும் துப்பாக்கி. அன்று பிடித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை, தெளியவும் வேண்டாம்!

அதற்கு முன் எனக்கு .222 ரெமிங்டன் தோட்டாதான் உயிர். 1950-இல் வந்தது. வடிவமைத்த மைக் வாக்கர் தாமே பெஞ்ச்ரெஸ்ட், அதாவது மேசையில் துப்பாக்கியைத் தாங்கி வைத்துத் துல்லியமாகச் சுடும் போட்டிக்காரர். தோளில் உதை தெரியாது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தப் பந்தயங்களை ஆண்டதில் வியப்பில்லை. ஆனால் அதன் 50 கிரெயின் குண்டை 200 கஜத்தில் காற்று இஷ்டத்துக்கு இழுத்துப் போய்விடும்.

1975-இல் லூ பால்மிசானோ என்ற மருத்துவரும் ஃபெரிஸ் பிண்டெல் என்ற கருவி செய்யும் வல்லுநரும் சேர்ந்து பிபிசியை உருவாக்கினார்கள். எடுத்துக்கொண்டது .220 ரஷ்யன் கூடு. அதன் பூர்வீகமோ ஏகே-47 தின்னும் 7.62×39. போர்க்களத்து வம்சத்தில் இப்படியொரு நுட்பக்காரப் பிள்ளை! குட்டையாகத் தடித்த பித்தளைக் கூடு, சட்டென ஏறும் தோள், பிரைமரின் பொறி உள்ளே நுழைய ஒரு சின்னத் துளை. வெடிமருந்து நீளவாக்கில் கிடக்காமல் குவிந்து கிடப்பதால்தான் முறைக்கு முறை ஒரே சீராக எரிகிறது என்பார்கள். என் தாள்களைப் பார்த்தால் நம்பாமல் இருக்க முடியவில்லை.

6 பிஆரையும் ஒரு பருவம் முழுக்கச் சுட்டேன். 600 கஜத்துக்கு அருமையான தோட்டா. நூறில் மட்டும் அதன் மனநிலையை நான் தேடிக்கொண்டே இருந்தேன். பிபிசியோ கேட்காமலே தருகிறது. புள்ளிக்குச் சுடும் போட்டி என்றால் என் ஓட்டு 30 பிஆர் தோட்டாவுக்கு. அங்கே ஓட்டையின் விளிம்பு வளையத்தைத் தொட்டாலே புள்ளி. கால் அங்குலம்கூட இல்லாத 6 மில்லிமீட்டர் குண்டைவிட .30 குண்டு பெரிதாகத் துளைக்கும். குண்டுகளின் நெருக்கத்தை அளக்கும் போட்டியில் அந்தச் சலுகை கிடையாது. ஒன்றுக்கொன்று மிகத் தள்ளியிருக்கும் இரு துளைகளின் மையத்துக்கு மையம்தான் கணக்கு.

இதில் எனக்கு மிகப் பிடித்தது சுற்றுக்குச் சுற்று மைதானத்திலேயே தோட்டா நிரப்புவது. காலையில் எடுத்த அதே பதினைந்து கூடுகள்தான் மாலைவரை. வெயில் ஏற ஏற மருந்தின் குணம் மாறும். அதற்கேற்ப அளவைத் துளி நகர்த்துவேன். நிரப்பும் கருவியின் கைப்பிடியை அழுத்தும்போது குண்டு கழுத்துக்குள் வழுக்கிச் செல்லும் அந்த உணர்வு விரல் நுனியில் தங்கிவிடும்.

பிறகு மேசை. சுற்றுக்கு ஏழு நிமிடம். குழலுக்கும் தாளுக்கும் இடையே காற்றுக் கொடிகளின் நாடாக்கள் ஆடின. பயிற்சித் தாளில் ஓரிரண்டு சுட்டுப் பார்த்துவிட்டுக் காத்திருந்தேன். எல்லா நாடாவும் இடப்பக்கம் சாய்ந்து நின்றன. துப்பாக்கியின் பூட்டைத் திறந்து, மூடி, சுட்டேன். மறுபடி, மறுபடி, மூச்சுவிடாமல். ஐந்தாவது குண்டு போன பிறகும் நாடாக்கள் சாய்ந்தபடியே இருந்தன.