‘விசர்’ என்னும் சொல்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போர் தமிழர் உள்ளத்தில் இட்ட வடுக்களைப் பற்றி 1998 இல் ஆங்கில நூலொன்று வெளியிட்டார். உளநோயைத் தலைவிதி என்று ஒதுக்காது, குண்டுவீச்சோடும் இடப்பெயர்வோடும் பொருத்திக் காட்டியதே அந்நூலின் சிறப்பு. நம் மாணவர் இதனை எளிதில் ஒப்புக்கொள்வர். போர் எல்லோருக்கும் பொதுவானதல்லவா?

ஆயின் கோப்பாயில் வாடகை அறையில் உடனுறையும் தோழன் உறக்கமிழந்து, தன்னைப் பிறர் வேவு பார்ப்பதாகச் சொல்லத் தொடங்கினால்? ‘விசர்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவர். வெறிநாயையும் நாம் ‘விசர்நாய்’ என்றுதான் சொல்கிறோம்! கொழும்புக்கருகே மனநோய் மருத்துவமனை அமைந்த அங்கொடையோ, ஊர்ப்பெயர் என்பது மறந்து ஏச்சாகிவிட்டது. தெல்லிப்பழை மருத்துவமனையில் உளமருத்துவப் பிரிவு உண்டு. அங்கே போனால் தங்கையின் கலியாணப் பேச்சு குழம்பும் என்று வீடு அஞ்சுகிறது. சீதனமும் குடும்ப கௌரவமும் நோயாளியின் வாயைக் கட்டுகின்றன. வர்க்கப் போராட்டம் பேசும் மாணவனும் இதைச் சமூகப் பிரச்சினையாகக் காண்பதில்லை.

தற்கொலை முயற்சியைத் தண்டனைக்குரிய குற்றமாகக் கொள்ளும் விதியை இலங்கை நீக்கியதும் அதே 1998 இல்தான். சட்டம் நகர்ந்தது, பேச்சு நகரவில்லை.

பல்கலைக்கழகத்திலும் கோப்பாய் ஆசிரியர் கலாசாலையிலும் இந்நூலை வைத்து விவாதிக்க வேண்டும் என்போம். முதல் நாளைக்கு ‘விசர்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாம்.