பற்சக்கரம் நேராகும் நேரம்

மிதிவண்டியில் சிறிய பெட்ரோல் எஞ்சினைப் பொருத்துவோரின் கைத்திறம் எஞ்சினைவிடப் பின்சக்கரத்தில்தான் தெளிவாகத் தெரிகிறது. எஞ்சின், சட்டத்தின் முக்கோண வெளியில் இரு குழாய்களைக் கவ்விக்கொண்டு எளிதாக அமர்ந்துவிடும். அதன் விசையைச் சங்கிலி வழியே வாங்கும் பெரிய பற்சக்கரமோ, மெல்லிய ஆரக்கம்பிகளை இருபுறமும் அணைக்கும் ரப்பர் வட்டுகளோடு சேர்த்து 9 போல்ட்டுகளால் பிணைக்கப்படுவதால், ஒன்று சற்றுக் கூடுதலாக இறுகினாலும் ஒரு பக்கம் சாய்ந்து சங்கிலியை உதறிவிடும். ஆகவே கைதேர்ந்தவர், எதிரெதிர்ப் பக்கத்துப் போல்ட்டுகளைச் சிறிது சிறிதாக மாற்றி மாற்றி இறுக்கி, சக்கரத்தைச் சுழலவிட்டு, சட்டத்தோடு ஒட்டிப் பிடித்த குச்சியின் முனைக்கும் பல் விளிம்புக்கும் உள்ள இடைவெளி ஒரு சுற்று முழுவதும் மாறாதிருக்கிறதா என்று கூர்ந்து பார்த்து, மறுபடி தளர்த்தி, மறுபடி இறுக்குகிறார். ரப்பர் மெல்ல அமுங்கிக் கம்பிகளுக்கு இடம் கொடுக்கும்வரை அவசரப்படாத அந்தப் பொறுமை உண்மையிலேயே அழகானது.

இப்படிப் பொருத்தப்படும் எஞ்சின்களில் பெரும்பாலானவை டூ ஸ்ட்ரோக் வகை, அதாவது பிஸ்டன் ஒருமுறை ஏறி இறங்குவதற்குள் ஒரு சுழற்சியை முடித்துவிடுபவை. எண்ணெய் கலந்த பெட்ரோலில் ஓடுபவை. கிளட்சைப் பிடித்தபடி மிதித்து, வேகம் கூடியதும் அதை விட்டால், பின்சக்கரமே எஞ்சினைச் சுழற்ற, தயங்கிய பொருமலாகத் தொடங்கும் ஓசை படபடவென்று சீராகிறது. பழகிய செவியோ அந்த இரைச்சலுக்கு அடியில் சங்கிலியைத்தான் தேடுகிறது: சுற்றுக்கொரு முறை ‘டக்’ என்று கேட்டால் பற்சக்கரம் இன்னும் கோணலாகவே இருக்கிறது, இடையறாத மெல்லிய சரசரப்பாக இருந்தால் வேலை சரியாக அமைந்திருக்கிறது.