கோழிக்கூட்டின் கணக்கும் வன்னியின் கதையும்

வன்னி மண் தமிழ் இலக்கியத்துக்குப் புதிதன்று. 1973இல் வெளிவந்த அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' தண்ணிமுறிப்பின் காட்டையும் மனிதரையும் நமக்குக் காட்டியது. செங்கை ஆழியானின் 'காட்டாறு', விவசாயியின் உழைப்பு யார் கைக்குப் போய்ச் சேருகிறது என்று கேட்டது. அந்நாவல்களின் குறைநிறைகள் எவ்வாறாயினும், வாழ்வின் கணக்கைப் பார்க்கும் நாட்டம் அவற்றில் இருந்தது.

2009இல் போர் முடிந்து மக்கள் மீளக்குடியேறியபின் பெருகிய எழுத்து வேறு வகையினது. உதவியாகச் சில கோழிக்குஞ்சுகள் பெற்ற தாயொருத்தி தளராது உழைத்து நிமிர்ந்தாள் என்னும் 'தன்னம்பிக்கைக் கதை' அது. அவ்வுழைப்பை நாம் ஏளனஞ் செய்யவில்லை, அது மெய்யானது. ஆனால் கதை முடியும் இடத்திலேதான் கணக்குத் தொடங்குகிறது. குஞ்சு கடன், தீன் கடன், மருந்தும் கடன். இறைச்சிக்கோழி ஐந்தாறு வாரங்களில் விலைப்படவேண்டும். நெருக்கமான கூட்டில் நோய் புகுந்தால் எஞ்சுவது கடன் மட்டுமே. ஆகவே, நோய் வருமுன்னரே குடிநீரில் மருந்து கலக்கத் தோன்றுகிறது. பண்ணை முதலாளிக்கு இலாபத்தைப் பெருக்கும் அதே மருந்து, ஏழைக்கு அச்சத்தின் காப்புறுதியாகிறது.

அதன் விளைவு யாது? மருந்துக்குப் பழகுவது உடம்பன்று, பற்றீரியாவே. கோழியின் குடலில் வாழும் கோடானுகோடி பற்றீரியாக்களுள் மருந்தைத் தாங்கவல்ல சில பிழைத்துப் பெருகுகின்றன. அத்தகைமையைத் தரும் மரபணுவை அவை வேற்றினப் பற்றீரியாவுக்கும் கைமாற்றவல்லவை. சல்மொனெல்லா, கம்பைலோபக்டர், ஈ. கோலை முதலியன இறைச்சி வெட்டும் கையாலும் பலகையாலும், வயலுக்கிடும் எருவாலும் மனிதரை அடையலாம். நன்கு சமைத்தல் அவற்றைக் கொல்லும். ஆயினும் கூட்டைக் கூட்டிப் பெருக்கும் பெண்ணின் கைகளைச் சமையல் காப்பதில்லை.

பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாந்தர் பிளெமிங், 1945இல் நோபல் பரிசுரையிலேயே, போதாத அளவு மருந்து கிருமியைக் கொல்லாது வலுப்படுத்திவிடும் என எச்சரித்தார். அறிவியல் நோக்கில் அவர் கூற்றுச் சரியானது. சமுதாய நோக்கில் அது குறையுடையது. அறியாமையால் தவறும் தனிமனிதனையே அவர் அஞ்சினார். அடுத்த சில ஆண்டுகளிலேயே, விலங்கு விரைந்து கொழுக்கவேண்டுமென்று தீனில் சிறிதளவு மருந்தை நாள்தோறும் கலந்தது அறியாமையன்று, நன்கறிந்த வாணிபம்.

1969இல் பிரித்தானியாவின் சுவான் குழு இதன் ஆபத்தைச் சுட்டியது. ஆயினும் வளர்ச்சிக்காக மருந்து கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் முற்றாகத் தடுத்தது 2006இலேதான். 2014இல் டில்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் சோதித்த 70 கோழியிறைச்சி மாதிரிகளுள் நூற்றுக்கு நாற்பதில் மருந்தின் எச்சம் இருந்தது. மனிதருக்குக் கடைசிப் புகலிடமான கொலிஸ்டினைக் கூடக் கோழிக்குக் கொடுத்துவந்த இந்தியா, 2019இல் அதனைத் தடைசெய்தது. அதே 2019இல், மருந்துக்கு அடங்காத பற்றீரியாவே நேர்க் காரணமாக உலகில் ஏறத்தாழ 12.7 இலட்சம் பேர் இறந்தனர் என மதிப்பிடப்பட்டுள்ளது. கோழிப்பண்ணை மட்டும் இதற்குக் காரணமன்று. மனிதருக்குக் கண்டபடி மருந்து கொடுப்பதும் காரணமே.

இவற்றைச் சொல்லி, கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ கோழி வளர்க்கும் பெண்ணைக் குற்றவாளிக்கூண்டில் நிறுத்துவது நம் நோக்கமன்று. மருந்தைக் கைவிடுமாறு அவளிடம் கூறுமுன், தடுப்பூசியும், அழைத்தால் வரும் மிருக வைத்தியரும், நோயறியும் ஆய்வுகூடமும், தமிழில் விளங்கும் மருந்துச் சீட்டும், நட்டத்தைத் தாங்கும் கூட்டுறவும் அவளுக்கு உண்டா என்று கேட்கவேண்டும். அறிவிரை அவளுக்கு, இலாபம் பிறர்க்கு என்பது நீதியாகாது.

ஆசிரியர்களும் மாணவர்களும் இவ்வறிவியலை ஊர்மொழியில் எடுத்துச் செல்லட்டும். எழுத்தாளர்களோ அந்தத் தாயின் புன்னகையை எழுதிய பேனாவாலேயே அவளது கடன் கொப்பியையும் எழுதட்டும். அப்பொழுதுதான் வன்னியின் கதை முழுமை பெறும்.